இரண்டு வால்வு

மூன்று வருடமாக என் பிக்கப்
வானத்துக்கு லைற் அடித்துக்கொண்டு ஓடியது.
பின்னால் படகை மாட்டினால் போதும்,
குந்திக்கொண்டு மூக்கைத் தூக்கும்.
நிலாவெளி றோட்டில் எதிரே வருகிறவன்
கண் கூசி, என் தாயைப் பற்றி
ஏதோ சொல்லிக்கொண்டு போவான்.
தென்னை வட்டுகளில் உறங்கும் காகங்களுக்கு
என்னைத் தெரியும்.
ஸ்ரேறிங்கைத் திருப்பினால்
முன்சில்லு கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும்.

மட்டிக்களியில் இல்ஹாம் நாடா பிடித்து அளந்தான்.
சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை,
வெறும் வண்டி நாற்பத்தெட்டு,
படகோடு முப்பத்தொன்பது.
ஒன்பது சென்ரிமீற்றர்.
அவ்வளவுதானா என் மூன்று வருடம்!

ஜாக்கியைச் சட்டத்துக்குக் கொடுத்தான்,
அச்சுக்கு அல்ல. அச்சு தொங்கவேண்டுமாம்.
வில்பட்டைகள் முனகின.
சட்டத்தின் அடியில் இருபது வருடம் அடி வாங்கிய
றப்பர்க் கட்டையைக் கழற்றி என் கையில் தந்தான்,
கடித்துவிட்டு வைத்த தொதல் துண்டு மாதிரி.

அந்த இடத்தில் பை.
ஒன்றன்மேல் ஒன்று இருத்திய
இரண்டு கறுத்தப் பூசணி,
தூக்கினால் பாரமே இல்லை.
இதுவா தாங்கப்போகுது என்றேன்.
'இது இல்ல அக்கா, காத்து.'
பிறகு, ரசீது எழுதுகிறவனின் நிதானத்தோடு:
'கூட ஏத்தலாமெண்டு நினைக்கவேணாம்.
அச்சு பழைய அச்சு. பிரேக் பழைய பிரேக்.
வண்டி நேரா நிக்கும்.
அவ்வளவுதான்.'

சைலன்சர் பக்கம் ஒரு தகரம் வைத்தான், சூடு படாமல்.
குழாயை இழுக்கும்போது நான்தான் சொன்னேன்,
நடுவில் ஒரு மூட்டு, ரெண்டுக்கும் ஒரே வால்வு,
காசு மிச்சம்.
தலையாட்டவில்லை.
'மூணாம் கட்டைச் சந்தியில திரும்பேக்க
பாரம் விழுற பையில இருக்கிற காத்து
பாரமில்லாத பைக்கு ஓடிப்போயிரும்.
சாயிறத இன்னும் சாய்ச்சுப்போடும்.'

படகில் பாதி என்னுடையது,
பாதி சுவக்கீனுடையது.
ஒரே கணக்கு, ஒரே வங்கிப் புத்தகம்.
வாடை முந்தி வந்த போன வருடம்
எஞ்சின் கடன் முழுக்க என் பக்கம் விழுந்தபோது
புத்தகத்தில் இருந்தது
எந்தப் பக்கம் ஓடியதென்று எனக்குத் தெரியும்.
அவன் கெட்டவனில்லை.
குழாய் திறந்திருந்தது.

இரண்டு வால்வு போடு என்றேன்.

சிரட்டையில் சவுக்காரத் தண்ணீர்.
மூட்டுகளில் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
இடப்பக்கம் கடுகளவில் ஒரு குமிழி
ஊதி, நின்று, உடைந்தது.
கழற்றினான். குழாயின் நுனியைப் புதுப் பிளேட்டால்
நேராக வெட்டி மறுபடி செருகினான்.
முப்பத்தைந்து இறாத்தல் காற்றில்
நாடா நாற்பத்தேழு காட்டியது.
'காணும். கடைசி ஒண்டுக்கு ஆசைப்படாதீங்க.
வெறும் வண்டியிலயும் அஞ்சு இறாத்தல் இருக்கட்டும்,
இல்லாட்டி பை தன்னைத்தானே கடிக்கும்.'

அன்றிரவு இறக்கக்கண்டிக்குப் படகை இழுத்தேன்.
லைற் றோட்டில் விழுந்தது.
எத்தனை குழி!
இவ்வளவு நாளும் எல்லாம் அங்கேயேதான் கிடந்தன,
ஒரு நசுங்கிய நண்டு, ஒற்றைச் செருப்பு,
பாதி கடந்துவிட்டு முடிவை மாற்றிய நாய்.
எதிரே வந்த லொறிக்காரன்
ஒன்றும் சொல்லாமல் போனான்.
அதுவும் ஒரு மாதிரித்தான் இருந்தது.
சாம்பல்தீவுப் பாலத்தில் காற்று பக்கவாட்டில் அறைந்தது,
வண்டி சாயவில்லை.
பக்கத்தில் சுவக்கீன்
வாயைத் திறந்தபடி நித்திரை.

விடிய மானியை வைத்து அமத்தினேன்.
வலது முப்பத்தைந்து.
இடது முப்பத்துமூன்று.
வங்கி ஒன்பது மணிக்குத் திறக்கும்.
தனிப் புத்தகம் போடுவோமா என்று
அவனிடம் இன்னும் கேட்கவில்லை.
முதலில் கொஞ்சம்
சவுக்காரம் கரைக்கவேண்டும்.