வாய்தாக் கணக்கு

வெருலம் கோர்ட்டுக்கு எதிரே
பழைய பக்கி வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்து
ரொட்டியின் வயிற்றைத் தோண்டி
பீன்ஸ் குழம்பு ஊற்றி விற்கிறேன்.
எங்கள் பக்கம் அதற்குப் பேர் பன்னி.
சிரிக்க வேண்டாம்.
கறுப்பு அங்கியோடு வந்து
கடன் சொல்லி நீங்கள் தின்றதும் அதைத்தான்,
அரசு வக்கீல் ஐயா.

முதல் வாய்தா அன்று
மலைச்சரிவில் கரும்பைக் கொளுத்தியிருந்தார்கள்.
மாதுபேயின் தலைத்துணியில்
கரிய இழைகள் வந்து விழுந்தன.
அவள் தட்டிவிடவில்லை.
பிரேக் இல்லாத லாரி
பள்ளிக்கூட வேனைப் புரட்டியதில்
அவளுக்கு லிண்டானி போனான்.
கீழ்த்தெரு தனபாக்கியத்துக்கு
இரட்டையரில் ஒருத்தி.
லாரி முதலாளி பேரைச் சொல்லமாட்டேன்.
எங்கள் கல்யாண மண்டபத்து நாற்காலிகள்
முழுக்க அவர் கொடுத்தவை.

அன்றைக்கு டாக்டர் அறிக்கை வரவில்லை.
ரொட்டி சுற்றும் தாளில் ஒரு கோடு போட்டேன்,
ஏனென்று எனக்கே தெரியாது.
பிறகு மொழிபெயர்ப்பாளருக்குக் காய்ச்சல்.
பிறகு மின்வெட்டு.
பிறகு நீங்கள் டர்பனில் ஏதோ பயிற்சிக்குப் போனீர்கள்.
பதினோராவது முறை
வழக்குக் கட்டே காணோம் என்றீர்கள்,
குடையைக் காணோம் என்பதுபோல.

இருபத்திரண்டு கோடுகள்.
குழம்பு பட்டு ஒன்று அழிந்திருந்தது,
அதைச் சேர்க்கவில்லை.
கணக்கில் பொய் ஆகாது.

கடைசி நாள் வழக்கை வாபஸ் வாங்கினீர்கள்.
நாலு நிமிடம்.
மாதுபே வெளியே வந்து டீ கேட்டாள்,
நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டாள்,
குடிக்காமல் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

அன்றிரவு அந்தச் சொல்லை
ரொட்டியைப் பிய்ப்பதுபோல் பிய்த்துப் பார்த்தேன்.
வாய். தா.
இத்தனை நாள் கேட்டது அதைத்தானா?
கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறோம்.

மாரிட்ஸ்பர்க்குக்கு மனு எழுதினோம், இருவரும்,
எண்ணெய்க் கறைத் தாளையும் சேர்த்து.
பதில் வந்தது:
பெற்றுக்கொண்டோம்.

உங்கள் பேர் எந்த ஓட்டுச் சீட்டிலும் இராது, தெரியும்.
உங்களைக் கேட்கக் கூடியவர்கள்,
கேட்க மறந்தவர்கள்,
ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை
மண்டபத்துக்கு வருகிறார்கள்
அதே நாற்காலிகளில் உட்கார.
ஒருவர் தெருவிளக்கு என்றார்.
ஒருவர் தண்ணீர் டாங்கர்.
ஒருவர் தமிழில் வணக்கம் சொன்னார்,
கொஞ்சம் யோசித்து
மறுபடி வணக்கம் சொன்னார்.

நான் எழுந்தேன். முழங்கால் நடுங்கியது.
வியாழன் காலை ஒன்பதுக்கு
பி கோர்ட்டில் கடைசி பெஞ்சில்
வந்து உட்காருவீர்களா?
பேச வேண்டாம்.
சும்மா உட்கார.

மின்விசிறி மட்டும் ஏதோ சொன்னது.

வியாழக்கிழமை நர்ஸ் சவுந்தலை வந்தார்.
கட்சி இல்லை, போஸ்டர்கூடக் கையெழுத்துதான்.
பின்னல் ஊசிகளை வாசலில் காவலர் பிடுங்கிக்கொள்ள
வெறும் நூலுண்டையோடு உட்கார்ந்தார்.
யாரோ ஒருத்தியின் வழக்கு. எங்களுடையது இல்லை.
அடுத்த வியாழன் பெஞ்சில் ஆறு பேர்.
அதற்கடுத்த வாரம் இடமில்லாமல் நின்றார்கள்.
அன்றைக்கு நீங்கள்
கட்டைக் கையில் வைத்துக்கொண்டு
பக்கம் எண் சொல்லிப் பேசினீர்கள்.
குரல் நன்றாகத்தான் இருக்கிறது உங்களுக்கு.

ஓட்டுப் போட்ட நாள்
இடது கட்டைவிரல் நகத்தில் மையோடு
மாதுபே டீ கேட்டாள். குடித்தாள்.

அறுபத்தொரு ஓட்டில் நர்ஸ் ஜெயித்தார்.
நான் கை தட்டவில்லை, கையெல்லாம் மாவு.
புதுத் தாள் ஒன்றை மடித்து
மேலே அவர் பேரை எழுதி
உங்கள் தாளுக்குப் பக்கத்தில் செருகினேன்.
இன்னும் கோடு எதுவும் இல்லை.

உங்கள் தாளின் பின்புறம்
கடன் பன்னி ஏழு என்று இருக்கிறது.
அதுவும் கணக்குதான், ஐயா.