தட்டுக்கு அடியில்

தாராவி பதின்மூன்றாம் காம்பவுண்டில்
என் தராசு வெறுமையாய்த் தொங்கி
எவரும் பார்த்ததில்லை.
படிக்கல் தட்டில் எந்நேரமும் ஐந்து கிலோக் கல் இருக்கும்.
தட்டுக்கு அடியில்
செத்த ஸ்பீக்கர் ஒன்றின் வயிற்றிலிருந்து
நானே பிடுங்கிய காந்தம்.
ஒரு நிறுவைக்கு முந்நூறு கிராம்.

திருட்டென்று தோன்றியதே இல்லை.
கடை வாடகை, ஹவில்தார் மாமூல்,
எடை கூட நனைத்துக் கொண்டுவரும் சாக்கு,
எல்லாவற்றுக்கும் அந்த முந்நூறில் இடமிருந்தது.

ஞாயிறு தவறாமல் பூசை.
என் பாவமே என்று மூன்று முறை
நெஞ்சில் தட்டுவேன்,
ஆடும் முள்ளை அடக்கத் தண்டைத் தட்டும்
அதே விரல்மடக்கில்.
தவக்காலம் வந்தால் பாவசங்கீர்த்தனம்:
பிரகாசியை வைதது,
இரண்டு பூசை விட்டது,
வெள்ளிக்கிழமை மறதியாய் மட்டன் தின்றது.
எல்லாம் சேர்ந்து முக்கால் கிலோ தேறாது.
மூன்று அருள்நிறை மந்திரம்,
வெளியே வந்ததும் ஒரு வடாபாவ்.

மார்ச்சில் ஒரு திங்கள்
ரக்மாபாய் வந்து கொட்டினாள்
பால்கவர், ஷாம்பு பாட்டில், உடைந்த நாற்காலிக் கால்கள்.
காசு வாங்கிப் போனவள்
வெயிலோடு திரும்பி வந்தாள்.
'சேட், ரெண்டு நோட்டு ஒட்டிக்கிட்டு வந்திருச்சு.'
சயான் ஆஸ்பத்திரி வரை போய்த்தான் பார்த்திருக்கிறாள்.
ஐம்பது ரூபாய்.
முந்தானை முடிச்சின் வேர்வை அதில் காயவில்லை.

வாங்கிப் பெட்டியில் போட்டேன்.
இதைச் சொல்லியாக வேண்டும்: வாங்கிப் போட்டேன்.
தண்ணி குடிக்கிறியா என்றுகூடக் கேட்கவில்லை.

ராத்திரி கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன்.
பதினோரு வருசம்.
'என்ன கணக்கு?' என்றாள் பிரகாசி.
'ஜிஎஸ்டி' என்றேன்.

நாலு மடங்காய்த் திருப்பலாமென்றால், யாரிடம்?
மொய்தீன் பாய் கால் ஒடிந்து பீவண்டிக்குப் போய்விட்டார்.
வாய் பேசாத அந்தப் பையனை
ரெண்டு மழைக்கு முன்னால் நாலா கொண்டுபோனது.
மற்றவர்களை
'ஏய் சாக்கு' என்றே கூப்பிட்டுப் பழக்கம்,
பேர் கேட்டதில்லை.
பேர் தெரியாதவனிடம் பட்ட கடனை
எந்த விலாசத்துக்கு அனுப்ப?

ஒன்று மட்டும் பிடிபட்டது.
இத்தனை வருசமும்
என் பாவத்தையும் இதே தராசில்தான்
நிறுத்திருக்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம்
வழக்கமான பட்டியலைத்தான் ஒப்பித்தேன்.
வலைக்கு அந்தப் பக்கம் பெலிசியான் சாமி
கொட்டாவியை மென்று விழுங்கினார்.
'வேறெதும் உண்டா?'
தண்டவாளத்தில் ஒரு வண்டி போனது.
கடைசிப் பெட்டி கடக்கும்வரை காத்திருந்தேன்.
'உண்டு சாமி.
திருப்பிக் கொடுக்க முடியாதது.'

அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை.
வெகுநேரம் கேட்டார்.
பிறகு,
'முடிஞ்சதைக் கொடு.
முடியாததுக்குத்தானே இங்க வந்து முழங்கால் போட்டிருக்கே.'

திங்கள் காலை காந்தத்தைக் கழற்றப் போனால்
வரமாட்டேன் என்றது.
ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பியதில் கட்டைவிரல் கிழிந்தது.
கல்லையும் இறக்கினேன்.
வெறும் தராசு சமமாய் நிற்பதை
நானே அன்றுதான் பார்க்கிறேன்.

ரக்மாபாய் முள்ளைப் பார்த்தாள், சாக்கைப் பார்த்தாள்.
'சேட், காண்டா கெட்டுப்போச்சா?
இவ்வளவு வராதே.'

பதினோரு வருசமாய்த் தன் தோளை நம்பாமல்
என் முள்ளை நம்பியவள்.

சாமியிடம் வந்த வார்த்தை
அவளிடம் வரவில்லை.
'சரியாத்தான் இருக்கு' என்றேன்,
பெட்டியிலிருந்த ஐம்பதையும் சேர்த்துக் கொடுத்து.
எண்ணிப் பார்த்து
அதை மறுபடி என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

இந்தச் சனிக்கிழமையும்
வரிசையில் நிற்க வேண்டும்.