இருநூற்றுப் பன்னிரண்டாவது சொல்

அல் கோரில் ஆகஸ்ட். இரவு ஒன்றரை.
ஆய்வகக் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வியர்த்து வழிகிறது.
வடக்கே ராஸ் லஃபான் சுடர்
மேகத்தின் அடிவயிற்றில் ஆரஞ்சு தடவுகிறது.
அந்த நிறத்தில் ஒரு துளிதான் கேட்கிறேன்,
குடுவைக்குள்.

ஈஸ்ட்டைக் குங்குமப்பூ வேலைக்குப் பழக்குவது என் உத்தியோகம்.
பூவின் மரபணுவை
ஈஸ்ட்டுக்குப் பழகிய பேச்சில் திருப்பி எழுதுவேன்.
லியூசின் என்ற ஒன்றைச் சொல்ல ஆறு சொற்கள் உண்டு,
நீர், புனல், வெள்ளம், அறல் என்று
நாம் அடுக்குவதைப் போல.
ரைபோசோம் சிலவற்றை வழுக்கிக்கொண்டு படிக்கும்,
சிலவற்றில் திக்கும்.

திக்காத சொல்லாகவே போடு என்று நிரலிடம் சொன்னேன்.
நாற்பதாயிரம் வடிவங்களை உருட்டிப் பார்த்து
ஒன்றைத் தந்தது. மதிப்பெண் தொண்ணூற்றெட்டு.
இருப்பதிலேயே வலுவான புரமோட்டரை முன்னால் மாட்டினேன்,
பிடரியில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி.

மூன்று வாரம். வெள்ளை.
"கஞ்சித்தண்ணியாட்டம் இருக்கு" என்றார் ஜெய்லானி,
சாம்பிள் எடுக்க வருகிற காயல்பட்டினத்துக்காரர்.
நொதி இல்லாமலில்லை. ஏராளமாக இருந்தது,
மடியத் தெரியாமல், ஒன்றோடொன்று ஒட்டி, கட்டிகட்டியாக.
செல்கள் வளரவில்லை.
ஊற்றிய சர்க்கரையெல்லாம்
உதவாத வேலைக்கே போயிற்று.
நான் வரைந்த பாதைப்படத்தில் இதற்கு அம்புக்குறியே கிடையாது.

அப்புறம்தான் பூ எழுதிய பழைய வரியைத் திறந்தேன்.
இருநூற்றுப் பன்னிரண்டில்
யாரும் புழங்காத ஒரு லியூசின்.
அங்கே வாசிப்பு நிற்கிறது.
நிற்கிற அந்த நேரத்தில்
அதுவரை வெளிவந்த சங்கிலி
தன்னை ஒருமுறை மடித்துக்கொள்கிறது.
சீர் பிரிக்காமல் ஒரே மூச்சில்
வெண்பா ஒப்பித்த பிள்ளையாக இருந்திருக்கிறேன்,
அதற்கு மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

அந்த இடத்தை மந்தமாக்கினேன்.
அக்கம்பக்கத்தில் இன்னும் மூன்று சொற்களையும்.
புரமோட்டரையும் இரண்டு படி இறக்கினேன்.
நிரல் சிவப்புக் கொடி காட்டியது:
உகந்ததன்று, திருத்தவும்.
திருத்தவில்லை.

இப்போது ஜெய்லானி
குடுவையைக் குழல்விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடிக்கிறார்.
"சுலைமானி போட்டிருக்கீங்களா, ஏலக்காய் எங்கே?"

மஞ்சள்தான். அல்லது விளக்கு அப்படிக் காட்டுகிறதோ.
அளக்கும் கருவிக்கு எங்கள் முறை காலை ஏழுக்கு.
அதுவரை ஒன்றும் நிரூபணமில்லை.
குலுக்கியின் மேல் குடுவையை வைத்துவிட்டு
ஏழு மணிவரை
மெதுவாக இருக்கப் பார்க்கிறேன்.