மேற்படி

லாரிச் சக்கரத்துக்கு மருந்தடிப்பது என் வேலை,
வேலந்தாவளம் சோதனைச்சாவடியில்,
பறவைக்காய்ச்சல் மாதங்களில் மட்டும்.
ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு.
கோழி ஏற்றிப் போன வண்டிகள்
வெற்றுக்கூண்டோடு திரும்பி வரும்.
விடியும்போது தார்ரோடு முழுக்க வெள்ளை இறகு,
மருந்துத் தண்ணீரில் ஒட்டிக்கொண்டு.

அதற்கு நடுவே ஒருநாள்
வெள்ளையில்லாத ஒன்று கிடந்தது.
பழைய ரசீதுப் புத்தகத்தில் வைத்தேன்.
இப்போது அறுபத்து மூன்று பக்கம்.

தெரிந்துகொண்டது கொஞ்சம்தான்.
தண்டின் ஒருபக்கம் ஒடுங்கி மறுபக்கம் அகன்றால்
சிறகிலிருந்து விழுந்தது;
ஒடுங்கிய பக்கம் காற்றைக் கிழிக்கிற பக்கம்.
இரண்டும் சமமென்றால் வாலின் நடு.
ஓரத்தில் சீப்புப்பல் மாதிரி மயிர் நின்றால் ஆந்தை.
அதைக் காதருகே வீசிப் பார்த்தேன்,
ஜெனரேட்டர்தான் கேட்டது.

துருப்பிடித்த தகர நிறத்தில்
முழநீளம் ஒன்றைக் கொண்டுவந்து
பருந்து என்றான் நாச்சிமுத்து.
மயில் என்றேன். நம்பவில்லை.
பச்சையும் நீலமும் ஊர் பார்க்க;
பறப்பதற்கு அதனிடம் இருப்பது
இந்தத் துருதான்.

பனங்காடையின் நீலத்தைச்
சூரியனுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால்
டீத்தூள் நிறம்.
திருப்பினால் மறுபடி நீலம்.
சாயம் கிடையாது, வெளிச்சம் செய்கிற வேலை.
அந்தப்பக்கச் சாவடி விலாசினி அதைப்
பனங்காக்க என்கிறாள்.
அரை பர்லாங்கில் காடை காக்கையாகிவிடுகிறது.
பனை மட்டும் பனையாகவே நிற்கிறது.

போன வாரம் கிடைத்ததுதான் படுத்தியது.
கறுப்பில் பொன்பழுப்புக் கோடுகள்,
ஸ்கேல் வைத்து இழுத்தது போல.
வல்லூறா, பக்கியா,
பனிக்கு வடக்கிலிருந்து வந்த பூனைப்பருந்தா?
மூன்று பகல் தூக்கம் போயிற்று.
படமெடுத்து விலாசினிக்கு அனுப்பினேன்.
குரல்செய்தி வந்தது. முதலில் சிரிப்பு,
ரொம்ப நேரம் சிரிப்பு,
பிறகு: "நம்முடெ கோழியாடீ."
நாட்டுக்கோழி.
யார் வீட்டு விடையோ,
யார் வீட்டுக் குழம்போ.

அந்தக் கடுப்பில்தான் இன்று குனிந்தேன்,
பூட்ஸில் ஒட்டிய வெள்ளையை உரித்தெறிய.
நாற்பது நாள் வயசிருக்கும்.
ஏழடி சேர்ந்தாற்போல் நடந்திருக்காத உடம்பு.
கைக்குப் பழக்கமாகிவிட்டது,
தண்டைத் துடைத்துத் திருப்பினேன்.

ஒருபக்கம் ஒடுக்கம்,
மறுபக்கம் அகலம்.
வலது சிறகு. வெளியிலிருந்து
மூன்றாவதோ நான்காவதோ.
கிழிக்கிற பக்கம் கிழிக்கிற பக்கமாகவே
அத்தனை ஒழுங்காய்.
யாரும் அதற்குச் சொல்லவில்லை போலிருக்கிறது.

பின்னால் ஹாரன்.
பதிவேட்டைத் திறந்தேன்.
வண்டி எண். நேரம். வெற்றுக்கூண்டு நூற்றிருபது.
பறவையின் பெயர் என்றொரு கட்டம் உண்டு,
முதல் பக்கத்தில் எழுதியதோடு சரி,
அதன்பின் வரிக்கு வரி இரண்டு கோடு போட்டு
மேற்படி மேற்படி என்றே வந்திருக்கிறேன்.

ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
கோழி
என்று எழுதினேன். மை கொஞ்சம் கலங்கியது.
டிரைவர் எட்டிப் பார்த்து
என்னக்கா, பேனா எழுதலையா என்றான்.