மூன்றடி நாலங்குலம்

சோர் பஜாரில் நானூற்றைம்பது சொன்னான்,
முந்நூறுக்கு இறங்கினான்.
கண்ணாடியிழைத் தூண்டில் கோல். ஆறடி, ஒரே துண்டு.
ஜன்னல் கிரில்லுக்கு வாங்கி மிஞ்சிய பச்சைப் பெயிண்டை
யாரோ அதன்மேல் அடித்துத் தீர்த்திருந்தார்கள்,
வளையங்களையும் விடாமல்.

சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டிலிருந்து சயான் வரை
பெண்கள் பெட்டியில் அதை நட்டுவைத்தபடி நின்றேன்.
ஃபேனில் படும், ஃபேனில் படும் என்றாள் ஒருத்தி
தாதர் தாண்டும்வரை.
வீட்டில் திரவியம் கேட்டார்:
"துணி காயப்போடவா?"

நான் பல் செய்கிறவள்.
லேபில் நாளுக்குப் பதினைந்து,
முன்பின் தெரியாதவர் வாய்க்குள் போய்
உட்காரவேண்டியவை.
சுரண்ட எனக்குத் தெரியும்.
பிளேடை நெட்டாக நிறுத்தி இழுக்கவேண்டும்,
சாய்த்தால் இழையைத் தின்றுவிடும்.
தின்னர் தொடவில்லை, எதிர்வீட்டில் கைக்குழந்தை.
வளையம் கட்டிய நூலை ஹேர் டிரையரில் சூடாக்கிக்
கீறினால்
வெந்த உருளைக்கிழங்குத் தோலாக வந்தது.

பிறகு வாட்டர் பேப்பர், நானூறாம் நம்பர்,
பக்கெட்டில் முக்கி முக்கி.
பச்சைக்குக் கீழே வெள்ளை.
வெள்ளைக்குக் கீழே ஆறிப்போன டீயின் நிறம்.
முன்கையில் கண்ணாடித் தூள் ஏறி
இரண்டு நாள் அரிப்பு,
கையுறைக்குள் சொறிந்தபடி
ஒருவரின் கடைவாயைக் கட்டினேன்.

அடியிலிருந்து தேய்த்துக்கொண்டே போனவள்
இடுப்புயரத்தில்தான் பார்த்தேன்:
ஆணியால் கீறி மை ஏற்றிய குறுக்குக்கோடு.
பக்கத்தில் 83 ஜூன்.
மூன்று அங்குலம் மேலே, 84 ஜூன்.
அதற்கும் மேலே, 85 ஜனவரி.
டேப் வைத்தேன். மூன்றடி நாலங்குலம்.
அதன்மேல் நுனிவரை ஒன்றுமில்லை.

கீழே எத்தனை இருந்தன?
பக்கெட்டில் பால் கலங்கிய தண்ணீர்.
முந்தைய இரண்டு பக்கெட்டை
நானே சாக்கடையில் ஊற்றியிருந்தேன்.

"மீன்," என்றார் திரவியம்.
"பெரிசு மாட்டினா மட்டும் கீறுவான்."
வருஷம் தவறாமல் ஜூன் மாதத்திலா?
பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்திலா?
பிள்ளை என்றேன்.
வாடகைச் சுவரில் கீற விடமாட்டார்கள், அதனால் கோலில்.
அப்படியானால் எண்பத்தைந்துக்கு அப்புறம்?
வெகுநேரம் மோரைக் கலக்கிக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:
"சொந்தச் சுவர் கிடைச்சிருக்கும்."

எங்கள் மகளை நாங்கள் எதிலும் அளந்ததில்லை.
யூனிஃபார்ம் கடைக்காரன் அளந்தான்,
ரெண்டு அங்குலம் கூட்டி.

கோலுக்கு ஒரு பக்கம் உண்டு.
நுனியைத் தரையில் ஊன்றி அழுத்தினால்
உருண்டு தானாகவே அங்கே போய் நிற்கும்.
அந்தப் பக்கம் பார்த்து வளையங்களை வைத்து
மாதுங்காவில் வாங்கிய கத்தரிப்பூ நிறப் பட்டுநூலால்
நெருக்கிச் சுற்றினேன்.
கோடுகள் இருந்த இடத்தில் வளையம் வராமல்
ஒன்றைச் சற்றுத் தள்ளிக் கட்டினேன். அது பிழைதான்.

எபாக்ஸி பூசியதும் கோல் சுழன்றுகொண்டே இருக்கவேண்டும்,
இல்லையென்றால் வழிந்து தொப்பை போடும்.
கணபதிக்குப் பின்னால் சுழலும் விளக்குச் சக்கரத்தின் மோட்டாரை
மாத்ரே வீட்டில் இரவல் வாங்கி வந்தேன்.
பன்னிரண்டு நாற்பதுக்கு அது கருகியது.

அப்புறம் கைதான்.
கால் சுற்று, நூறு எண்ணு, கால் சுற்று.
நான் தமிழில் எண்ணினேன்.
அவர் முறை வந்தபோது மராத்தியில்,
பெஸ்ட் பஸ்ஸில் இருபத்திரண்டு வருஷம்
டிக்கெட் கிழித்த வாய்.
எழுபதுக்குப் பின் தூங்கிவிடுவார்,
கால் நீட்டி உதைப்பேன்,
ஏகாஹத்தர் என்று விட்ட இடத்தில் தொடங்குவார்.
சண்டை போடாமல் நாங்கள்
மூன்று மணிநேரம் சேர்ந்திருந்து வெகுநாளாகிறது.

விடிந்தபோது கெட்டிப்பட்டிருந்தது.
மூன்றாம் வளையத்தடியில் ஒரு கொசு,
காலை விரித்தபடி, நிரந்தரமாக.
கோடுகளின்மேல் மூன்று பூச்சு, நிறமில்லாதது.

திரவியம் பல் விளக்கிவிட்டு வந்து
கோலைத் தரையில் நிறுத்திப் பிடித்தார்.
மற்றக் கை கீழே இறங்கி
85 ஜனவரிக்கு நேராக
உள்ளங்கை தரையைப் பார்க்க
கொஞ்சநேரம் அந்தரத்தில் நின்றது.

மீன்தான் என்கிறார், இன்னமும்.