ஆரின் என்பவளின் உயரம்

கொரிய மொழிப் பரீட்சையில்
இரண்டு தடவை தவறியவன் நான்.
முதல் தடவை நான்கு புள்ளி, அடுத்த தடவை ஒன்பது.
ஆனாலும் முகத்துவாரத்தில்
அந்த மொழி தெரிந்தவன் வேறு யாருமில்லை.
பாஸானவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள்.
ஆகவே, நாளுக்கு மூவாயிரத்து ஐந்நூறு,
பகல் சாப்பாடு, தொப்பி ஒன்று.

பதினெட்டு மாணவர்கள். ஒரே நீலத்தில் பதினெட்டு பனியன்.
முதுகில் அன்பு என்று தமிழில் அச்சடித்திருந்தார்கள்,
புள்ளி மட்டும் விடுபட்டு: அனபு.
தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.
அனபு அண்ணா, அனபு அக்கா,
அனபு அண்ணா பந்தை எறியுங்க.

நான் பாடமாக்கிய சொற்கள் வேறு.
தலைக்கவசம். கடைசல் இயந்திரம். மேலதிக நேரக் கொடுப்பனவு.
விரல் நசுங்கிவிட்டது, முதலாளியைக் கூப்பிடுங்கள்.
இவர்கள் கேட்டதோ
உங்கள் கனவு என்ன?
மிஸ்ரியா ராத்தாவிடம் இதை எப்படிக் கேட்பது?
'ராவைக்கு நல்லா நித்திரை போகுதான்னு கேக்கிறாங்க' என்றேன்.
'நுளம்பு' என்றாள்.
பிள்ளைகளின் படிப்பு என்று திருப்பிச் சொன்னேன்.
எல்லாரும் எழுதிக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் சனசமூக மண்டபத்துச் சுவர்.
முதலில் வெள்ளை, அதன்மேல் நீலம்,
அதன்மேல் ஒரு திமிங்கிலம்.
அந்நேரம் நான் மாலுபாண் வாங்கச்
சந்திக்குப் போயிருந்தேன்
(ஐந்து பேர் மீன் தின்பதில்லை, அது தனிக்கதை).
திரும்பி வர, ஒழுங்கை முனையிலேயே சத்தம்.

அந்தச் சுவரில் ஒரு கோடு இருந்தது.
அடுப்புக்கரிக் கோடு.
கங்கை வீட்டுக்குள் வந்த இரவு
தண்ணீர் ஏறி நின்ற இடம்.
பக்கத்தில் திகதி, கிராம சேவகரின் கையெழுத்து.
நாற்பத்தொரு வீட்டின் நட்டஈட்டுக் கோப்பு
அந்தக் கோட்டில்தான் தொங்கியது.
அளக்க வருகிறோம் என்றவர்கள்
மூன்று வருடமாக வந்துகொண்டே இருக்கிறார்கள்.
இப்போது அங்கே திமிங்கிலத்தின் வயிறு.

'அழுக்கு என்று நினைத்தோம்' என்றான் தொயுன்.
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.
ராத்தா சொன்னதையும் மொழிபெயர்க்கவில்லை.
அதற்கும் கொரிய மொழியில் சொல் இருக்கும்,
பரீட்சைக்கு வராது.

பெயின்ற் காயாத விரலால்
ஒருத்தி மட்டும் போனைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.
விமான நிலையம், த்ரீவீல், தம்பிலி,
பூனை, பூனை, இன்னொரு பூனை,
பிறகு சுவர்.
வேலை தொடங்குமுன் எடுத்த படம்.
அவள்தான் நிற்கிறாள், இரண்டு விரல் காட்டிக்கொண்டு.
கரிக்கோடு ஒரு தோளில் நுழைந்து
மறு தோளால் வெளியே வருகிறது.
தோள்வரை வெள்ளத்தில் நின்று சிரிக்கிறவள் மாதிரி.

ராத்தா போனை வாங்கினாள்.
பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள்.
கையெழுத்து கலங்கியிருந்தது, ஆனால் இருந்தது.
பிறகு, இவர்கள் வந்ததிலிருந்து முதல் தடவையாக,
ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள்:
'இந்தப் புள்ளட உயரம் எவ்வளவு?'

எண்களில் நான் ஒருநாளும் புள்ளி இழந்ததில்லை.
நூற்று அறுபத்து மூன்று.
செருப்போடா, செருப்பில்லாமலா?
அதையும் கேட்டேன்.

அளுத்மாவத்தை போட்டோகொப்பிக் கடையில்
நாற்பத்தொரு பிரதி, கலரில்.
காசு யார் கொடுப்பது என்பதில்
அரை மணித்தியாலம் இரண்டு நாடுகளும் சண்டை.
ஒவ்வொன்றின் பின்னாலும் ராத்தாவின் சாய்ந்த எழுத்து:
தண்ணீர், ஆரின் என்பவளின் தோள்வரை.
ஆரின், 163, வெறுங்கால்.

கோப்பு இன்னும் கச்சேரியில்.
திமிங்கிலத்தின் கண்ணில்
பிள்ளைகள் பந்தடித்து நீலம் உதிர்கிறது.
ஒக்டோபரில் மறுபடி பரீட்சை.
வாசிப்பு பரவாயில்லை.
கேட்டல் பகுதிக்குத்தான் பயம்.