நடவடிக்கைக் குறிப்பு

லா பாஸ். ஜூன் மாதம்.
இல்லிமானி மலைமேல் வெயில்,
அறைக்குள் விரல் விறைக்கும் குளிர்.
ஜெனரல் கிஸ்பெர்ட் வரைபடத்தைச் சுருட்டியபடியே விட்டு
சட்டைப்பையிலிருந்து மளிகைச் சீட்டு போல ஒன்றை எடுத்தார்.
ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர்.
கோவேறு கழுதைக்கு இருபது.
கடைசிக் கிணறு தாண்டி ஒன்பது நாள் நடை.
“நீங்களே கூட்டிப் பாருங்கள்.”

யாரும் கூட்டவில்லை.

அமைச்சர் உரியோஸ்தே எழுந்து
தேசத்தின் மானம் என்றார்.
“அது எத்தனை லிட்டர்?”
கையில் பென்சிலோடு ஜெனரல்,
குறித்துக்கொள்ளக் காத்திருப்பவர் போல.

“பயமா?” மேசையின் அந்தக் கோடியிலிருந்து.
“ஆமாம். நான் அங்கே போயிருக்கிறேன்.”

அதை எழுதாதே என்று எனக்குச் சைகை வந்தது.
என் சுருக்கெழுத்தில் பயம் ஒரு சின்ன வளைவு.
ரப்பருக்கு ஒரு நொடி வேலை.

‘ஒருமனதாக’ என்று தட்டினேன்.
விசை சிக்கியது. மறுபடி தட்டினேன்.

எல்லோரும் போனபின் மேசை துடைக்க வந்தவள்
ஜெனரல் தொடாத தம்ளரை
பூந்தொட்டியில் கவிழ்க்கப் போனாள்.
கொடு என்று வாங்கினேன்.
பல் கூசியது.
தம்பி பெல்ட்ரானுக்கு அந்த மாதம்தான் பத்தொன்பது முடிந்திருந்தது.
முழுவதையும் குடித்தேன்.